ஆஸ்பத்திரிக் கணக்கு

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். பலசரக்குக் கடைப் பற்றுவரவையும் கைமாற்றுக் கடனையும் மனத்தில் வைத்துக்கொண்டு யாரோ சொன்ன பழமொழி. ஆனால் மனிதனின் நோய்க்கும் இது பொருந்தும் என்பது சில காலமாக நான் படித்துவரும் பழைய சமாசாரங்களிலிருந்து எனக்குப் பட்டது. நான் வைத்தியம் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். கதைக்காரனுக்கு அடுத்த வீட்டு விஷயத்தில் இருக்கிற ஆர்வம்தான் என்னை ஆஸ்பத்திரிக் கணக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

கணக்கு எழுதுவது கடலூருக்குப் புதிதல்ல. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் 1690-ல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊரெல்லாம் தங்களுக்கு என்று பேச்சு. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. பிற்பாடு சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, 1746 முதல் 1752 வரை கம்பெனியின் தலைமை ஸ்தானமே இந்தச் செயின்ட் டேவிட் கோட்டைதான். இந்தக் கம்பெனிக் குமாஸ்தாக்கள் எழுதாத விஷயம் இல்லை. கவர்னர் சபையில் பேசியதை எல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைத்தார்கள். சென்னை ஆவணக் காப்பகத்தார் அவற்றை அச்சுப் போட்டும் இருக்கிறார்கள். வியாபாரிக்குக் கணக்கு முக்கியம்; அதனால் பிழைத்தது சரித்திரம்.

'நம்மவர்கள் எழுதவில்லையா?' என்று வாசகர்கள் கேட்கலாம். எழுதாமல் என்ன? சிதம்பரத்தில் கோயில் மதிலைப் பார்த்தால் தெரியும். கல்லிலே எழுதினார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றியும் எழுதினார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் என்ற ஊர்க் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அங்கே ஓர் ஆதுலசாலை; பதினைந்து படுக்கைகள்; நாடி பார்க்க ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை செய்ய ஒருவர், மருந்து பறித்து வர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல், எத்தனை காசு, எந்த மருந்து எவ்வளவு இருப்பில் இருக்க வேண்டும், இரவில் எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. படிக்கப் படிக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து படுக்கைகளில் படுத்தவர்கள் யார்? என்ன நோவோடு வந்தார்கள்? எழுந்து வீட்டுக்குப் போனவர் எத்தனை பேர்? அதைப் பற்றிக் கல் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய்க்குக் கணக்கு இருக்கிறது. நோயாளிக்குக் கணக்கு இல்லை. ஒருவேளை ஓலையில் எழுதி, அந்த ஓலை கரையானுக்குப் போயிருக்கலாம். அல்லது, செலவு எழுதினால் தானம் செய்தவன் புண்ணியம் நிலைக்கும், நோயாளியை எழுதினால் யாருக்கு என்ன லாபம் என்று நினைத்திருக்கலாம்.

லாபம் உண்டு என்பதுதான் விஷயம். ஒரு நோயாளியின் சீட்டு அவனுக்கு மட்டும் உரியது. ஆயிரம் சீட்டுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொரு சீட்டிலும் இல்லாத ஏதோ ஒன்று அந்த அடுக்கில் தெரிய வருகிறது.

கம்பெனிப் பட்டாளத்து டாக்டர்களுக்கு இந்த ரகசியம் லேசாகப் புரிந்திருந்தது. வடசர்க்கார் ஜில்லாக்களில் இருந்த சிப்பாய்களுக்குக் கால் மரத்து, வீங்கி, மூச்சு முட்டிச் சாகிற வியாதி வந்துகொண்டிருந்தது. பெரிபெரி என்று பெயர். இதைப் பற்றி நல்ல கட்டுரை எழுதுகிறவருக்குப் பரிசு என்று சென்னை மருத்துவ வாரியம் அறிவித்தது. ஜான் கிராண்ட் மால்கம்சன் என்ற டாக்டர் எழுதிப் பரிசு பெற்றார். 1835-ல் சென்னையிலேயே அது அச்சாயிற்று. பட்டாள ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து குவிந்த பழைய கணக்குகளை அவர் பயன்படுத்திக்கொண்டார். நோயின் அடையாளங்களை மனிதர் அருமையாக எழுதியிருக்கிறார், காரணந்தான் அகப்படவில்லை. எப்படி அகப்படும்? அரிசியைத் தீட்டுகிற விதத்துக்கும் இந்த வியாதிக்கும் உறவு உண்டு என்ற எண்ணமே அன்று யாருக்கும் இல்லை. ஆகவே ரிஜிஸ்தரில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. பழைய கணக்கில் உள்ள சங்கடமே இதுதான். எழுதினவன் எதைக் கேட்கவேண்டும் என்று நினைத்தானோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். செத்துப்போன சிப்பாயைத் திரும்பக் கூப்பிட்டு, 'அப்பா, நீ சாப்பிட்டது பச்சரிசியா, புழுங்கலரிசியா?' என்று விசாரிக்க முடியாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிற்பாடு வந்தார்கள். ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் 1890-களில், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் காலிழுத்துத் தள்ளாடுவதைக் கண்டார். மலாய் நாட்டில் பிராடன் என்ற இங்கிலீஷ் டாக்டர் ஆஸ்பத்திரி, ஜெயில் கணக்குகளையெல்லாம் புரட்டினார். சுரங்கத்திலே வேலை செய்த சீனத் தொழிலாளிகள் கொத்துக் கொத்தாகப் பெரிபெரியில் மடிந்துகொண்டிருந்தார்கள். அதே நாட்டில், அதே வெயிலில், அதைவிடக் கேவலமான கூலிக்குத் தோட்டங்களில் உழைத்த தமிழனை அந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. ஏன்? சீனன் சாப்பிட்டது வெள்ளையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழன் ஊரிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசியை விடவில்லை. நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இன்றைக்குத் தெரியும். பிராடன் 1907-ல் எழுதிய புத்தகத்தில், பழைய பச்சரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்றுதான் சொன்னார். காரணம் பிசகு, ஆனால் குற்றவாளி அரிசிதான் என்று கணக்கு அவருக்குச் சரியாகக் காட்டிக்கொடுத்துவிட்டது. நம் பாட்டிமார்கள் நெல் அவித்த அண்டாவுக்கு இத்தனை மகத்துவம் இருந்திருக்கிறது! விருந்தாளி வந்தால் பச்சரிசி, வீட்டு மனிதருக்குப் புழுங்கல் என்று வைத்திருந்த குடும்பங்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பாட்டி என்றதும் வெற்றிலைச் செல்லம் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அந்தச் செல்லத்தைப் பற்றித்தான்.

எங்கள் ஜில்லாவில் வெற்றிலை இல்லாமல் ஒரு காரியம் நடந்ததில்லை. நிச்சயதார்த்தமா, தாம்பூலம். சண்டை தீர்ந்ததா, தாம்பூலம். நெய்வேலி, பண்ருட்டி என்று பஸ் எங்கே நின்றாலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்புத் துப்பல். என் பாட்டி பித்தளைச் செல்லத்தில் கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துணுக்குப் புகையிலை எல்லாம் வைத்துக்கொண்டு, எண்பத்து நான்கு வயசுவரை மென்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வெற்றிலையைப் பற்றி யாராவது குறை சொன்னால் எங்கள் வீட்டில் உடனே பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பாள். அவளை எதிர்த்து வாதாட எந்த டாக்டராலும் முடியாது.

ஆனால் அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. லண்டன் மிஷன்காரர்கள் 1838-லேயே அங்கே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் பிற்காலத்தில் வேலை பார்த்த ஆஸ்பத்திரி அதுதான். அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் ஃபெல்ஸ், பென்டால் என்ற இரண்டு டாக்டர்கள். இவர்களுக்குப் பெயரில்லை, புகழில்லை. கன்னத்தில் புண், நாக்கில் புண் என்று ஓயாமல் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இங்கிலாந்தில் டாக்டர்கள் அபூர்வமாகக் காண்கிற வாய்ப்புற்று இங்கே தினசரிச் சமாசாரமாக இருந்தது. சும்மா அறுத்துவிட்டு, தைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் எழுதி வைத்தார்கள். 1908-ல் ஃபெல்ஸ் தாம் பார்த்த 209 வாய்ப்புற்று ஆபரேஷன்களை ஆராய்ந்து லண்டன் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டில் அதே பத்திரிகையில் பென்டால் 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கைச் சுருக்கி வெளியிட்டார்.

ஆயிரத்து எழுநூறு! இந்த எண்ணைக் கண்டதும் என் பாட்டி கொஞ்சம் சிறுத்துப்போனாள். அவள் ஒருத்தி. இவர்கள் ஆயிரத்து எழுநூறு பேர். தாம்பூலம் தரித்த வாய்கள். கிராமங்களிலிருந்து கட்டை வண்டியிலும் தோளிலுமாக வந்திருப்பார்கள். இவர்களுடைய பெயர்கள் உலகத்துக்குத் தெரியாது. ஒருவர்கூடத் தம் சீட்டு லண்டனில் அச்சேறும் என்று நினைத்திருக்கமாட்டார்.

இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் நிப்லாக் என்ற டாக்டர் 1902-லேயே தம் ஆஸ்பத்திரிப் புற்றுநோய்களைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் இவ்வகைக் கணக்குகளுக்கெல்லாம் ஒரு பலவீனம் உண்டு. வாய்ப்புற்று வந்தவர்களெல்லாம் வெற்றிலை போடுகிறவர்கள் என்றால், 'ஊரே வெற்றிலை போடுகிறதே, அதில் என்ன அதிசயம்?' என்று ஒரு வக்கீல் எழுந்து கேட்டுவிடலாம். வாய்ப்புற்றுக்காரர்களெல்லாம் சோறும்தான் சாப்பிட்டார்கள். சோற்றையா குற்றம் சொல்வது? ஆகவே நோய் வந்தவர்களோடு நோய் வராதவர்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கவேண்டும். நெய்யூரில் பின்னால் வந்த ஆர் என்ற டாக்டர் 1933-ல் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றித் தனியாக ஆராய்ந்து எழுதினார். பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் சங்வி, ராவ், கானோல்கர் என்ற மூவர் 1955-ல் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் எதிரெதிரே வைத்துப் புகையிலைப் பழக்கத்தை ஒப்பிட்டார்கள்.

சென்னையில் நடந்தது நமக்கு இன்னும் நெருங்கிய கதை. தம் தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நெடுநாள் போராடி 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். கையில் பணமில்லை, கருவியில்லை. டாக்டர்கள் இரண்டு பேர்: அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், சாந்தாவும். நோயாளி குணமாவதே பெரிய காரியமாயிருந்த அந்த நாளில், இருவரும் ஒவ்வொரு வாய்ப்புற்றுக்காரரிடமும் என்ன மென்றார், எவ்வளவு மென்றார் என்று விசாரித்திருக்கிறார்கள். புற்று இல்லாதவர்களிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். ஐந்தே வருஷத்தில், 1959-ல், பிரிட்டிஷ் புற்றுநோய்ப் பத்திரிகையில் இருவரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சி வெளிவந்தது. சாந்தா அம்மையார் 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த நிலையத்திலேயே வாழ்ந்தார் என்பதை எல்லோரும் அறிவார்கள். இந்த 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையை அறிந்தவர்கள் குறைவு.

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும் என்று தீர்ப்பு எழுதியது. 2004-ல் வெளியான தொகுதியில், புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலைப் பாக்கு தரும், பாக்கு ஒன்றே போதும் என்றது. நெய்யூர்க் கணக்குக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவே 96 வருஷங்கள் ஓடிவிட்டன. நம் ஊர்க் கோர்ட்டு வழக்குகள்கூட இவ்வளவு நீண்டதில்லை.

கணக்கு மெய்யாக இருந்தும் தீர்ப்புக்கு இத்தனை காலம் ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். வெற்றிலை இன்று மென்று நாளைக்கு வினை செய்வதல்ல. இருபது வருஷம், முப்பது வருஷம் கழித்து வட்டியோடு வசூலுக்கு வருகிற கடன் அது. ஆனால் நம் நாட்டில், உள்நோயாளியின் குறிப்புகளை டாக்டர் மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. முப்பது வருஷக் கடனுக்கு மூன்று வருஷப் பேரேடு!

மூன்று வருஷம் முடிந்த பிறகு அந்தச் சீட்டுகள் எங்கே போகின்றன என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் பழைய பேப்பர் கடை ஒன்றில் பழைய மாதப் பத்திரிகைகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். தராசுத் தட்டில் ஒரு கட்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. மேலே இருந்த தாளில் ஒரு பெண்பிள்ளையின் பெயர், வயது, புருஷன் பெயர், தெரு, அவளுக்கு வந்த வியாதி எல்லாம் சுத்தமான கையெழுத்தில் இருந்தன. வெளியே சொல்ல அவள் கூசியிருக்கக்கூடிய வியாதி. கடைக்காரர் கிலோ விலை சொன்னார். அடுத்த வாரம் அந்தத் தாளில் யாரோ வேர்க்கடலை மடித்துக்கொண்டு போவார்கள். எனக்கு ஏற்பட்ட கோபம், சீட்டைத் தொலைத்தார்களே என்பதற்காக மட்டுமல்ல. பெயரோடு தொலைத்தார்களே என்பதற்காகத்தான். ஆராய்ச்சிக்கு வேண்டிய விஷயம் கடைக்குப் போய்விட்டது. ஆராய்ச்சிக்குச் சற்றும் வேண்டாத அவள் பெயர் ஊருக்குப் போய்விட்டது.

ஒழுங்காக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் பொலம்பாக்கம் என்ற கிராமத்தில், 1955-ல் பெல்ஜியத்திலிருந்து ஹெமரிக்ஸ் என்ற டாக்டரும் அவரோடு கிளேர் வெல்லு என்ற பெண் டாக்டரும் வந்து குஷ்டரோக நிலையம் தொடங்கினார்கள். கட்டடத்துக்குள் நோயாளிகளைப் பூட்டி வைக்கவில்லை. குறிப்பிட்ட நாளில் சாலையோர மரத்தடிக்குப் போய் உட்காருவார்கள். நோயாளிகள் அங்கே வருவார்கள். மாத்திரை கொடுத்துவிட்டு, சீட்டில் குறித்துவிட்டு, அடுத்த மரத்தடி. வருஷக்கணக்காக இப்படிச் சேர்ந்த குறிப்புகளை வைத்து, 1970-களில் பெல்ஜியத்து லூவென் சர்வகலாசாலையின் லெஷா என்ற பேராசிரியர், ஒரு ஜனசமூகத்துக்குள் குஷ்டரோகம் எப்படிப் பரவுகிறது, எப்படித் தணிகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊருக்குள் கால் வைக்காதே என்று விரட்டப்பட்டவர்கள், பெயரில்லாத எண்களாக ஐரோப்பாவுக்குப் போய் உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிற வழக்கமே உலகில் எங்கும் வேரூன்றவில்லை.

இன்று வழக்கம் வேறு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, இப்போது அரசினர் கடலூர் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. அதற்கும் முன்னே தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல்காரர்கள் வாய்ப்புற்றை எலிக்கு மாமன்மகனான ஹாம்ஸ்டர் என்ற பிராணியின் கன்னத்தில் வைத்து ஆராய்ந்து பெயர் பெற்றவர்கள். இந்தக் காலத்து மருத்துவ மாணவன் எவனும், பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஆராயவேண்டுமென்றால், நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெறவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிகளின்படி, பெயரும் அடையாளமும் நீக்கிய பழைய குறிப்புகளானால், ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்கவேண்டியதில்லை என்று குழு விலக்குக் கொடுக்கலாம். விலக்கைக் கொடுப்பது குழு. தானே எடுத்துக்கொள்ள ஆராய்ச்சிக்காரனுக்கு உரிமையில்லை. நியாயமான ஏற்பாடு என்றே என் புத்திக்குப் படுகிறது. செத்தவரிடம் சம்மதம் வாங்க முடியாது. அதற்காக அவர் பெயரைச் சந்தியில் வைக்கவும் கூடாது.

எவ்வளவு நெறி எழுதினாலும் சீட்டு இருந்தால்தானே? கடலோர ஊரில் அதற்கு வேறு எதிரிகளும் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் எங்கள் ஜில்லாவைச் சூறையாடியதை யாரும் மறக்கவில்லை. பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் விழுந்ததைப் பத்திரிகைகள் எழுதின. ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டுகள் நனைந்ததை யார் எழுதுவார்கள்? ரெக்கார்டு அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கேட்டேன்.

"ஓடு பறந்துபோச்சு சார். கீழ்த்தட்டு ரெண்டும் தண்ணியிலே. மூணு நாள் கரண்ட் இல்லை. வராந்தாவிலே கொடி கட்டி, தாள் தாளாப் பிரிச்சுக் காயப்போட்டோம். ஜெல் பேனாவிலே எழுதினதெல்லாம் நீலமா ஓடிப்போச்சு. பால்பாயின்ட் கொஞ்சம் தப்பிச்சுது" என்றார்.

"அப்புறம்?"

"பென்சில்லே எழுதினது மட்டும் அப்படியே இருந்துச்சு, சார். அன்னையிலேருந்து நான் ரிட்டையராகிற வரைக்கும், ஒவ்வொரு ஷீட்டு மூலையிலேயும் நம்பரையும் வியாதியையும் பென்சில்லே ஒரு தடவை எழுதிட்டுத்தான் அடுக்குவேன். டாக்டருங்க கேலி பண்ணுவாங்க. பண்ணட்டுமே!"

'பெயரை எழுதுவீர்களா?' என்று கேட்டேன். இல்லையாம், நம்பர் மட்டுந்தானாம்.